பின்னால் வந்த வள்ளம்

வாக்கிடாக்கியில் எல்லோரும் "தெக்க, தெக்க" என்று கத்திக்கொண்டிருக்க, ஜேசுபாதம் மட்டும் வடக்கே கையைக் காட்டினான்.

இன்ஜினைப் பிடித்திருந்த ஜெமிக்கு ஒன்றும் புரியவில்லை.

"புன்னக்காயல் தெக்கல்லா கெடக்கு அண்ணே. நாம எங்க போறோம்?"

"பேசாம விடுலே."

ஜேசுபாதத்தின் தங்கை கிருபையின் புருஷன் அபிலாஷைக் காணவில்லை. விடியும்போது ஒற்றை ஆளாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனவன், புன்னக்காயலுக்கு நேரே கிடக்கிறேன் என்று வாக்கிடாக்கியில் சொன்னதோடு சரி. அப்புறம் ஒரு காற்று எழும்பிக் கடலைப் புரட்டிப் போட்டது. மற்ற வள்ளங்கள் எல்லாம் திரேஸ்புரம் கரைக்கு ஓடி வந்துவிட்டன. அவன் வள்ளம் மட்டும் வரவில்லை. கிருபை மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அபிலாஷ் சொன்ன இடம் பொய் என்று தேடப் போன அத்தனை பேருக்கும் தெரியும். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறைத் திட்டுக்குக் கடல்காரர்கள் வைத்த பெயர் 'பார்'. தன் பார் எங்கே இருக்கிறது என்று எவனும் இன்னொருவனுக்குச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கேட்டால் வாய் கூசாமல் வேறு ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். பொய்தான், ஆனால் உண்மை எந்தப் பக்கம் என்று தெரியாதபோது, சொன்ன இடத்துக்குத்தானே போக முடியும்?

ஜேசுபாதத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது. தெரிந்த விதம்தான் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை.

போன வருடம் அபிலாஷின் மகளுக்குக் கோயிலில் முதல்முறை நற்கருணை கொடுக்கிற புதுநன்மை. விருந்தில், எடுத்த படங்களை அனுப்பிக்கொள்ளச் சொல்லி மாப்பிள்ளை தன் போனை மச்சான் ஜேசுபாதத்தின் கையில் கொடுத்தான். மச்சான் படங்களை அனுப்பிக்கொண்டான். சந்தடி சாக்கில் மேப்பையும் திறந்து, மாப்பிள்ளை எங்கே போனாலும் தன் போனில் தெரிகிற மாதிரி ஒரு பொத்தானையும் தட்டிவைத்தான்.

அன்றிலிருந்து அபிலாஷ் இன்று வலை போட்ட இடத்தில் நாளை ஜேசுபாதம் வலை போடுவான். அவனுக்கு மீன் மோப்பம் தெரியும் என்று கரையில் பேர் ஆகிவிட்டது. கூடவே வருகிற ஜெமியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

அந்தத் திருட்டுதான் இப்போது தங்கச்சியின் தாலியைக் காப்பாற்ற வேண்டும்.

வான் தீவு இடப்பக்கம் ஒதுங்கியது. பாலித்தீன் உறைக்குள் இருந்த போனை ஜேசுபாதம் திரும்பத் திரும்பத் துடைத்துப் பார்த்தான். மேப்பில் கடல் வெறும் நீலம். காரைச்சல்லித் தீவுக்கு வெளியே, அந்த நீலத்தின் நடுவில், அபிலாஷின் முகம் சின்ன வட்டமாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு என்று கீழே எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அந்த முகம் நகரவே இல்லை.

சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியது. அதுவும் போய்விட்டால் இந்த இடத்தை யாருக்கும் அனுப்ப முடியாது. வள்ளக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அதை அப்படியே தூக்கிப் போட்டான். பார் போனால் போகட்டும், மானமும் போகட்டும், ஆள் கிடைத்தால் போதும்.

அந்த இடமும் வந்தது. திரையில் அவனுடைய நீலப் புள்ளி அபிலாஷின் முகத்தின் மேலேயே ஏறி நின்றது. கடலில் ஆளும் இல்லை, வள்ளமும் இல்லை.

ஜெமி சிலுவை போட்டுக்கொண்டான்.

"இன்ஜின அமத்துலே," என்றான் ஜேசுபாதம்.

வள்ளம் அதன் போக்கில் மிதந்தது. அவன் கடலைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலப் புள்ளி மெல்ல அபிலாஷின் முகத்தை விட்டு வடகிழக்கே நழுவியது. கொஞ்சம் நின்றது. மறுபடியும் அதே பக்கம் நழுவியது. இந்த வள்ளத்தை இழுக்கிற தண்ணீர்தானே அந்த வள்ளத்தையும் இழுத்திருக்கும். புள்ளி போன வழியை விரலால் நீட்டி ஜெமிக்குக் காட்டினான்.

"இதே கோட்டுல விடுலே. வெலகாம விடு."

ஜெமி முறுக்கிய முறுக்கில் வள்ளம் அலைக்கு அலை எம்பிக் குதித்தது. உப்புத்தண்ணீர் முகத்தில் அறைந்தது. முதலில் ஒரு மஞ்சள் கேன் எதிரே வந்தது. பிறகு அறுந்த வலையின் மிதவைகள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் முதுகில் குப்புறப் படுத்து ஒட்டிக்கொண்டிருந்த அபிலாஷ் ஒரு கையைத் தூக்கினான்.

அவனை இழுத்து உள்ளே போட்டதும் ஜேசுபாதத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டான், தண்ணீர் புகட்டினான், மறுபடியும் கட்டிக்கொண்டான். ஆள் கிடைத்துவிட்டதென்று ஜெமி வாக்கிடாக்கியில் தொண்டை கிழியக் கூவினான். கொஞ்ச நேரத்தில், தெற்கே தூரத்தில், மற்ற வள்ளங்கள் வருவதும் தெரிந்தது.

வந்ததும் கேட்பார்கள், இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று. அதற்கு முன் மாப்பிள்ளையே கேட்டுவிடுவான். ஜேசுபாதம் முந்திக்கொண்டான்.

"காத்தப் பாத்தேன் மாப்ள. இங்கனதான் இருப்பீருன்னு மனசுல பட்டுச்சு."

உப்பில் வெடித்த உதட்டோடு அபிலாஷ் சிரித்தான்.

"சும்மா இரும் மச்சான். நீரு பாக்குறீருன்னு மாசாமாசம் போன் எனக்குச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. ஒத்தையில கடலுக்குப் போறவன், நான் கெடக்கிற எடம் ஒருத்தருக்காவது தெரியட்டும்னுதான் அமத்தாம விட்டிருந்தேன்."