நாய்க்கு ஒரு வீடு

நாய் வளர்க்கக் கேட்டிருந்த பூவம்மாவின் திருவொற்றியூர் வீட்டைச் சரிபார்க்க, அடிவாங்கி மீட்கப்பட்ட நாயோடு வந்திருந்தாள் காப்பகத்துத் தமன்னா.

"கையை ஓங்கினாலே நடுங்கும்க்கா. பழக்க மாசக்கணக்கா ஆவும்."

"தெரியும்மா. கதவு தட்டுற சத்தம் கேட்டாலே ஒண்ணுக்குப் பூடும். திட்டக்கூடாது," என்றாள் பூவம்மா.

"முன்னாடி நாய் வளத்துக்கீறீங்களா?"

"இல்லம்மா."

வளர்க்காமலே இவ்வளவு தெரிந்திருந்ததில் தமன்னாவுக்குத் திருப்தி. "பயந்தா கட்டிலுக்கடியில பூந்துக்கும். வெளிய இழுக்காதீங்க. எடம் கீதா?"

"கீதும்மா. அவரு குடிச்சிட்டு வந்தா நானும் பொண்ணும் அங்கதான் பூந்துப்போம். ஒட்டிப் படுத்தா அதுக்கும் எடம் கீது."

தமன்னாவின் பேனா நின்றது. 'இந்த வீடு பாதுகாப்பானதல்ல' என்று படிவத்தில் எழுதினாள். பூவம்மாவின் காலடியில் படுத்திருந்த நாயை மட்டும் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.