ஹாஜிராவின் பிடி

"ரப்பர் பந்தை இறுக்கிப் பிடி பார்க்கலாம், ஹாஜிரா கண்ணு" என்று கட்டிலோரக் கருவி மறுபடியும் கொஞ்சியது.

அறுவை சிகிச்சைக்காகக் கொடுத்த தசை தளர்த்தும் மருந்து உடம்பைவிட்டு இறங்கியதா என்று அது இப்படித்தான் பார்க்கும். குழந்தை பிடித்தால்தான் அறைக்கதவு திறக்கும்.

"அவ கை எதையும் பிடிச்சு மூணு வருஷமாச்சு! நரம்பைத் தின்னுற பரம்பரை நோய்னு எத்தனை தடவைதான் சொல்றது?" என்று தாய் மும்தாஜ் கத்தினாள்.

மயக்க மருந்து டாக்டர் பூங்குன்றன் தலையில் அடித்துக்கொண்டார். "மருந்து எப்பவோ இறங்கிருச்சும்மா. மூச்சு நல்லா இருக்கு. ஆனா நான் சொன்னா இது கேக்கணுமே!"

ஹாஜிரா பசியில் சிணுங்கினாள். மும்தாஜ் மகளின் துவண்ட விரல்களுக்குள் கிடந்த பந்தை எடுத்து, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து நசுக்கினாள்.

"சபாஷ், ஹாஜிரா!" கதவு திறந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் மும்தாஜின் போனில் அதே கொஞ்சும் குரல் கேட்டது: "நல்ல செய்தி, அம்மா! உங்கள் மகளின் கைக்குப் பலம் வந்துவிட்டது. ராத்திரியில் அவளுக்கு வைக்க ஆஸ்பத்திரி தந்திருந்த மூச்சுக் கருவி இனித் தேவைப்படாது. அதைத் திரும்ப எடுத்துப்போக நாளைக்கு ஆள் வருவார்."