மொட்டைமாடிக்குப் போகும் டோரின்

டோரின் லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு, காய்ந்த உடுப்பு எடுக்க மொட்டைமாடிக்குப் புறப்பட்டாள். உடுப்பு எடுக்க எதற்கு லிப்ஸ்டிக்? சோபாவில் மீன் அடைத்த மாலு பணிஸ் மென்றுகொண்டிருந்த கணவர் கிளெமென்றுக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது.

"நான் மேல போறன். வர நேரமாகும்!" கொட்டாஞ்சேனை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஒரு வாரமாக இதே கூத்து. பின்னேரமானால் பவுடரும் போனுமாக மேலே ஏறிவிடுகிறாள். முன்பு போல அவரைத் திட்டுவதில்லை. பெரியாஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்களாம், வயிற்றைச் சுருக்கும் ஒப்பரேஷனுக்குப் பெயர் கொடுங்கோ என்று நச்சரிப்பதையும் அடியோடு விட்டுவிட்டாள். நேற்று அவர் கொத்து ரொட்டியோடு வந்தபோதுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளெமென்ற் பணிஸைக் கீழே வைத்தார். இந்த உடம்பைக் கட்டிக்கொண்டு அவள்தான் எத்தனை காலம் இருப்பாள்? அவள் போய்விட்டால் தன் கதி என்ன என்று நினைக்கவே அழுகை வந்தது.

எழும்பினார். லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. தரைத்தள வீட்டில் இருக்கும் அவர் மாடிப்படியில் கால் வைத்தே வருடக்கணக்காகிறது. இரண்டாம் மாடியில் உட்கார்ந்தார். மூன்றாம் மாடியில் மாதாவைக் கூப்பிட்டார். அந்தச் சத்தத்துக்கு அந்த மாடியில் குடியிருக்கும் டில்ஷானி கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி ஏறினார்.

மொட்டைமாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், போனில் ஓர் ஆணின் குரல் கேட்டது.

"இண்டைக்குத்தான் கடைசி. இனி நான் காத்திருக்க மாட்டன். எனக்கு எத்தினை பேர் வரிசையில நிக்கினம், தெரியுமா?"

"கொஞ்சம் பொறுங்கோ. இண்டைக்கு எல்லாம் சரிவரும்," டோரின் கெஞ்சினாள்.

கிளெமென்ற் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். பாய்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, உருண்டார். கத்தத்தான் நினைத்தார். மூச்சும் அழுகையும் சேர்ந்துதான் வந்தன.

"யாரடி அவன்? என்னை விட்டிட்டுப் போயிடாத, டோரின்! நான் மெலியிறன்! என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்!"

டோரின் நிதானமாகப் போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஆளைக் கண்ணால பாக்காம ஒப்பரேஷனுக்குப் பேர் பதியேலாது எண்டீங்களே டொக்டர், இந்தா, சம்மதத்தோடயே வந்திட்டார்!"