எதிரியின் அத்தியாயம்

“எதிராளி எதுக்கும்மா ‘நான்’, ‘நான்’னு பேசறான்? அந்த அத்தியாயத்த மட்டும் எடுத்துடு,” என்றார் மாமனார் மாதேஸ்வரன், பொங்கல் பானைக்கு விறகைத் தள்ளியபடி.

அமுதவல்லி, இண்டூர்ப் பக்கம் எந்தக் காலத்திலோ மாடுகளுக்காக நடந்த சண்டையை நாவலாக எழுதியிருந்தாள். ஓர் அத்தியாயம் இந்தக் குடும்பத்துப் பாட்டன் சொல்வது. அடுத்தது, மாடுகளைக் கவர்ந்துபோக வந்த எதிரி சொல்வது. அவன் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வெட்டுக்குத்துதான். ஆனால் மாமனார் மனம் கோணினால் புத்தகமே வேண்டாம் என்றும் இருந்தது அவளுக்கு.

வயலோரத்தில், பாட்டன் என்றே குடும்பம் சாமியாகக் கும்பிடும் வீரன் கல் நின்றது. அட்டைப்படத்துக்காக நேற்றுதான் தலைமுறை தலைமுறையாகப் படிந்த எண்ணெயும் மஞ்சளும் போகத் தேய்த்திருந்தார்கள். வாளோங்கிய கை, மார்பில் தைத்த அம்பு எல்லாம் இப்போதுதான் பளிச்சென்று தெரிந்தன.

வத்தல்மலைப் பக்கமிருந்து பனி இறங்கியது. அடுப்புப் புகையில் கண் செருகிய அமுதவல்லிக்கு, அந்த எதிரி பக்கத்தில் வந்து குந்திப் பசிக்கிறது என்று சொல்வதாகத் தோன்றியது. பயமே வரவில்லை. பாவமாக இருந்தது.

“சரிங்க மாமா, எடுத்துடறேன். கடைசி அத்தியாயத்த நீங்க சொல்லுங்க. அப்படியே எழுதறேன்,” என்றாள்.

மாதேஸ்வரன் முகம் மலர்ந்துவிட்டது. பால் சொம்பை எடுத்துக்கொண்டே சொன்னார். வந்தவனைப் பாட்டன் ஒரே அம்பில் சாய்த்தாராம். மாடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினாராம். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி, தலை நரைத்து, கட்டிலில் படுத்தபடிதான் போய்ச்சேர்ந்தாராம்.

“இந்தக் கல்லுங்க மாமா?”

“அவரே நட்டதும்மா. சண்ட முடிஞ்ச கையோட. சாவற வரைக்கும் வருசா வருசம் அவர் கையாலதான் பால் ஊத்துவாராம்.”

சொல்லிவிட்டுக் கல்லின் பக்கம் திரும்பியவர், மார்பில் இருந்த அம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பால் ஊற்றச் சாய்த்த சொம்பு நிமிர்ந்தது. பனியில் கல் மெல்ல மூச்சுவிடுவது போலிருந்தது.

“செத்தவனுக்குத்தானே கல்லு நடுவாங்க,” என்றார் மாதேஸ்வரன், தமக்குள் பேசுவது போல.

பிறகு பாலை நிதானமாகக் கல்லின் தலையில் ஊற்றினார்.

“அவன் பேசினத எடுத்துடாதம்மா. இத்தன காலமா நாம கும்புட்டது பாட்டன இல்ல, அவர் கொன்னவன.”