கொண்டை வச்ச பறவை

"பட்ஜெட்டு எவ்ளோன்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துப் போடுறேன்" என்றார் போட்டோக் கடை ராசாங்கம்.

மணிவண்ணன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒரு தொலைநோக்கி வாங்கவே திருமானூரிலிருந்து பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்திருக்கிறான். மொதலாளி சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: தூரத்தில் வருவது முன்கூட்டியே தெரியணும், விலை கையைக் கடிக்கக் கூடாது. போன வாரம் எதிரே வந்து நின்றதையே கோட்டை விட்ட ஆள் இவன். இன்னொரு தடவை விட்டால் வேலை காலி. வீட்டில் பொண்டாட்டி வேறு நிறைமாசம்.

"பறவை பாக்கத்தாங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற ஒற்றைக் குழல் தொலைநோக்கி ஒன்றில் கண்ணை வைத்து எதிர்க்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். ஐம்பது வயசிருக்கும், ஒட்ட வெட்டிய முடி. கண்ணையன் என்று பெயர் சொன்னார். அவரும் பறவை பார்க்கத்தான் வாங்க வந்தாராம்.

காக்கா, கொக்குக்கு மேல் மணிவண்ணனுக்கு ஒரு பேரும் தெரியாது.

"அறுபது மடங்கு, எழுபது மடங்குன்னு டப்பாவுல போட்டிருக்கிறதப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. முன்னாடி லென்ஸ் அகலமா இருக்கணும். அப்பத்தான் பொழுது சாயுற நேரத்துலயும் பளிச்சுனு தெரியும்" என்றார் கண்ணையன்.

ஸ்டாண்டு இல்லாமல் வாங்கினால் காசு தண்டம் என்றவர், கடைக்காரரிடம் ஒரு அதட்டல் போட்டு அதைச் சும்மாவே வாங்கிக் கொடுத்தார். பெத்த அப்பன்கூட இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. மணிவண்ணனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"உங்க பறவை எப்படி இருக்கும்?" என்று கேட்டார் கண்ணையன்.

திருதிருவென்று முழித்தவன் வாயில் வந்ததைச் சொன்னான். "வெள்ளையா இருக்குங்க. தலையில செவப்பும் நீலமுமா ஒரு கொண்டை. எப்பவாச்சும் ஒண்ணுதான் வரும். வர்றதே தெரியாது."

"நான் தேடுறது மஞ்ச. வரிசையா வரும். கொள்ளிடத்துல எறங்கி வயிறு முட்ட ரொப்பிக்கிட்டுக் கெளம்பிடும். எத்தனையோ நாளா என் கண்ணுல மண்ணத் தூவிட்டுப் போவுது."

கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிற எத்தனையோ பேருக்கு விற்றவர் ராசாங்கம். இப்படி ரெண்டு பறவையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. நமக்கு யாவாரம்தானே முக்கியம் என்று ஒரே மாதிரி இரண்டு ஸ்கோப்பைக் கட்டிக் கொடுத்தார்.

"உங்க பறவை சீக்கிரம் கண்ணுல படட்டும் தம்பி" என்று வாழ்த்தி அனுப்பினார் கண்ணையன்.

நல்ல மனுஷன் வாழ்த்து, அன்றைக்கே பலித்தது. பொழுது சாயும் நேரம் மணிவண்ணன் கொள்ளிடக் கரையில் ஸ்டாண்டை ஊன்றிக் கண்ணை வைத்தான். அவன் காவலை நம்பி, முதுகுக்குப் பின்னால் மொதலாளியின் மஞ்சள் லாரிகள் ஆற்றில் வரிசையாக இறங்கி, திருட்டு மணலை வயிறு முட்ட ரொப்பிக்கொண்டிருந்தன.

தூரத்துப் பாலத்தில், சிவப்பு நீலக் கொண்டையோடு ஒரு வெள்ளை ஜீப். அதன் பக்கத்தில் காக்கிச் சட்டையில் நின்று, இதே மாதிரி ஸ்கோப்பில் இவனையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணையன், 'பளிச்சுனு தெரியுதா தம்பி?' என்று கேட்கிற மாதிரி கையை ஆட்டினார்.