மருந்துக்கடை ஆமை

மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்த ஆமை மூன்று நாளாக ஒருவருக்கும் மருந்து கொடுக்கவில்லை. யாராவது எதிரே வந்து நின்றால் போதும், தலை ஓட்டுக்குள் போய்விடும்.

முதலாளி கிளி ஓட்டின்மேல் ஏறிக் கொத்தியது. “‘வணக்கம், வாங்க, என்ன வேணும்?’ இதைச் சொல்ல உனக்கென்ன கேடு? நானெல்லாம் முட்டைக்குள்ள இருந்தே சொன்னவன். இன்னிக்கும் பேசலைன்னா நடையைக் கட்டு.”

ஆமைக்கு இந்த வேலை வேண்டும். உள்ளேயே நூறு தடவை சொல்லிப் பார்த்தது. வெளியே வரவில்லை. கொத்தினால் வந்துவிடுமா?

“ஐயா, குஞ்சுக்கு இருமல்” என்று ஒரு கோழி காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டு நின்றது. ஆமை இன்னும் உள்ளே போனது.

அப்போது கொழுத்த ஆட்டுக்கிடா ஒன்று வந்து, கோழியைக் கொம்பால் தள்ளிவிட்டு முன்னால் நின்றது. “எனக்கு அவசரம். அது நிக்கட்டும்.”

ஆமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்து முழுசாக வெளியே நீண்டது.

“யோவ்! பின்னால போய் நில்லுய்யா! அந்தம்மா காலையிலேர்ந்து நிக்குறது கண்ணுக்குத் தெரியலையா?”

கிடா பின்னால் போனது. நீட்டிய தலையை ஆமை உள்ளே இழுக்கவில்லை. “நீ சொல்லும்மா. எத்தனை நாளா இருமல்?”

தான் கொத்தித்தான் ஆமை பேசியது என்று கிளி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறது. சுத்தப் புளுகு. பேச வைத்தது அந்தக் கிடா.