மூன்றாவது அன்னத்தின் அலகு

மூன்று சீட்டுகளிலும் ஒரே விடை: மூன்றாவது அன்னத்தின் அலகு.

நெடுஞ்செழியன் சார் அவற்றை மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று அவருடையது. ஒன்று கணிதத் துறை தமிழ்ச்செல்வியுடையது. இன்னொன்று என்னுடையது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை.

நான்காவது சீட்டை சிவகுமார் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பரீட்சை அவருடைய கண்ணுக்கு இல்லையாம், அவர் எழுதிய கணினி நிரலுக்குத்தானாம்.

நிரலின் விடை திரையில் இருந்தது: பிழை இல்லை.

மூளையும் இயந்திரமும் வடிவங்களை எப்படி அறிகின்றன என்று அடுத்த வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு பயிலரங்கு. பொறுப்பு நெடுஞ்செழியன் சாருடையது. முதல் அமர்வுக்காக சேவூரில் தறி போட்டிருக்கும் உண்ணாமலையிடம் ஒரு முழம் பட்டுக்கரை நெய்யச் சொல்லியிருந்தோம். வரிசையாகப் பன்னிரண்டு ஜரிகை அன்னங்கள். எங்காவது ஒரே ஒரு தப்பு வேண்டும், எங்கே என்று எங்களிடமே சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு.

கரையின் ஓரத்தில் ஒரு நீல நூல் முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. பிய்க்கப் போன என் கையை சார் தடுத்தார். பரீட்சைத் துணியைத் தொடக்கூடாது.

“மூணு பேர் கண்ணுக்குத் தெரியறது அதுக்குத் தெரியலியேப்பா. அத எப்படி மேடை ஏத்தறது?” என்றார் சார்.

ஐந்து மணிக்கு நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போக வேண்டும். சிவகுமாரின் முனைவர் பட்ட நெறியாளர் இந்த ஓர் அமர்வைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து வருகிறார். மூன்று வருட உழைப்பு.

சிவகுமார் வாதாடவில்லை. எங்கே தவறவிட்டது என்றாவது தெரிந்துகொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். துணியை எடுத்துக்கொண்டு அவருடைய வண்டியிலேயே நானும் சேவூருக்குப் போனேன்.

தறியை உண்ணாமலை நிறுத்தவில்லை. அது ஓடுவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் மற்றதெல்லாம் மறந்துவிடும்.

மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். மிதியை ஒருமுறை அழுத்தினால் ஓர் அட்டை முன்னால் வரும். துளை எந்தெந்த இழைக்கு இருக்கிறதோ அந்த இழைகள் மட்டும் மேலே எழும்பும். அவற்றுக்கு அடியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. தொண்ணூற்றாறு வரி சேர்ந்தால் ஓர் அன்னம்.

ஓர் அட்டையைத் தாண்டிவிட்டால் ஒரு வரி குறையும். அலகில் குறைந்தால் அலகு மழுங்கும். நான் பார்த்தது அப்படித்தான் இருந்தது, மழுங்கிய அலகு.

துணியைப் பார்த்ததும் உண்ணாமலை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஐயோ மேடம், அத்த குடுத்தனுப்பிட்டப்புறம்தான் எனக்கு ஞாபகமே வந்துச்சி. மூணாவது அன்னத்து மூக்குல அட்டைய ஒண்ணு தாண்டி வுட்டேன். எடம் தெரியணுமேன்னு ஓரத்துல நீல நூல் கட்னேன். அப்பால தங்கச்சி போன் பண்ணா. பேசிகினே நெய்துகினு இருந்தேனா, இந்தக் கை இருக்குதே, அட்டைய பின்னால தள்ளி, இழைய உருவி, எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிட்சி!”

எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் தெளிவாகச் சொன்னார்.

“தப்பே இல்ல மேடம் அதுல.”

சிவகுமார் ஒரு பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி என்னிடம் தந்தார். தரையில் துணியை விரித்து, ஊசி முனையால் நானே எண்ணினேன். இரண்டாவது அன்னத்தின் அலகில் பதினொரு வரி. மூன்றாவதில் பதினொரு வரி. மறுபடியும் எண்ணினேன். பதினொன்று.

நீல முடிச்சு அந்த அலகுக்கு நேர் எதிரில் இருந்தது.

தப்பு ஒன்று உண்டு என்று மூளைக்குச் சொல்லியாகிவிட்டது. எங்கே என்று அது தேடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு நீலம் கண்ணில் பட்டது. மூளை அங்கே போய் நின்றது. பிறகு தப்பைத் தானே செய்துகொண்டது. மூன்று பேருக்கும் அலகு மழுங்கியது. இதைத்தான் பத்து வருடமாக உளவியல் வகுப்பில் பாடம் நடத்துகிறேன்.

நிரலுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இருந்ததை மட்டும் பார்த்தது.

நெடுஞ்செழியன் சாருக்கு போன் செய்து சொன்னேன். “நான் நல்லா பார்த்தேனேம்மா” என்றார். பிறகு சிரித்தார், முதல் அமர்வு இதேதான், இதே துணிதான், முடிச்சை யாரும் அவிழ்க்க வேண்டாம் என்றார்.

உண்ணாமலைக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை.

“உக்காருங்க சார், இப்பவே ஜல்தியா தப்பா ஒண்ணு போட்டுத் தர்றேன். போனை அணைச்சி வச்சிட்றேன்.”

சிவகுமார் கை கூப்பி வேண்டாம் என்றார்.

வெளியே வந்து வண்டிச் சாவியைத் தேடினார். பையிலிருந்து சாவியோடு மடித்த சீட்டும் வந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். காலையிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பிரித்தேன்.

மூன்றாவது அன்னத்தின் அலகு.